தினமும் பாக்கெட்டில் எந்தக் கத்தி? டிராயரில் ஐந்து கிடக்கிறது

காப்பிக்காடு:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் சில்லறைத்தனமாகத் தோன்றலாம், ஆனால் இரண்டு மாதமாக எனக்குத் தீரவில்லை, கேட்டுவிடுகிறேன்.

வீடு சேலம் அஸ்தம்பட்டி. டவுனில் சின்னதாக ஒரு எலக்ட்ரிக்கல் கடை. ஏற்காட்டில் அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது, ஊடே சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி, ஓரத்தில் கொய்யாவும் பட்டர் ஃப்ரூட்டும். வாரத்தில் மூன்று நாள் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி பைக்கில் மேலே போவேன், மீதி நாள் கடை. இரண்டு இடத்திலும் கத்தி இல்லாமல் ஆகாது.

என்னிடம் இருப்பவை: மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த விக்டோரிநாக்ஸ் ஸ்பார்ட்டன், பல கருவி சேர்ந்த சுவிஸ் கத்தி. அதே கம்பெனியின் சுண்டுவிரல் அளவு கிளாசிக், கத்தரிக்கோல் வைத்தது. ஓபினல் 8-ஆம் நம்பர், மரப் பிடி வைத்த பிரெஞ்சு மடக்குக் கத்தி, கார்பன் ஸ்டீல். ஆன்லைனில் ஆசைப்பட்டு வாங்கிய சீன மடக்குக் கத்தி ஒன்று, லைனர் லாக் (திறந்ததும் பிடிக்குள் இருக்கிற தகடு நகர்ந்து பிளேடு மடங்காமல் பிடித்துக்கொள்ளும்), பிளேடில் டி2 என்று பொறித்திருக்கிறது. கடைசியாகத் தாத்தாவுடைய எருமைக்கொம்புப் பிடி மடக்குக் கத்தி, உள்ளூர்ப் பட்டறையில் அடித்தது, எந்த வருஷம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

காலையில் டிராயரைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறேன், என் மனைவி “சாமி ரூம்ல கூட இவ்வளவு நேரம் நின்னது இல்லை” என்கிறாள். மூன்றை ஒன்றாகப் போட்டால் பேன்ட் பாக்கெட் தையல் விடுகிறது, சாவியோடு உரசி ஜலதரங்கம் வேறு. ஒன்றை மட்டும் எடுத்துப் போனால் அன்றைக்கு வேண்டியது அதுவாக இருப்பதில்லை. போன செவ்வாய்க்கிழமை ஓபினலை மட்டும் எடுத்துப் போனேன். மேலே சாரல், பனி மூட்டம். மிளகு ஏணியில் சிக்கிய நைலான் கயிற்றை அறுக்கலாம் என்று எடுத்தால் பிடி ஊறிப்போய்ப் பிளேடு வெளியே வரவே இல்லை. நகத்தால் இழுக்கிறேன், பல்லால் கூட இழுத்துப் பார்த்தேன். கடைசியில் தோட்டத்து ஆள் இடுப்பில் செருகியிருந்த அரிவாளை எடுத்து ஒரே வெட்டு. வெட்டிவிட்டு அவர் என் கையில் இருந்ததைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்னும் மறக்கவில்லை.

இரண்டு கத்திக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். எந்த இரண்டு? லாக் இருப்பது அவசியமா? ராத்திரி பைக்கில் இறங்கும்போது சோதனையில் கேட்டால் சிக்கல் வருமா?


கொலுசுக்காரர்:

தம்பி, ஐந்து வைத்திருப்பவனுக்குத்தான் இந்தக் குழப்பம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் நாற்பது வருஷம் உட்கார்ந்தவன் நான். சட்டைப் பையில் ஒரே ஒரு பேனாக்கத்தி. பொட்டலம் பிரிக்க, பென்சில் சீவ, மாம்பழம் அறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான், கல்லில் தீட்டித் தீட்டி இப்போது பிளேடு பாதி அகலம்தான் இருக்கிறது. தாத்தா கத்தியை எடுத்துப் பையில் போடுங்கள், மீதி நாலையும் மறந்துவிடுங்கள். சரி, நான் சொன்னால் கேட்கவா போகிறீர்கள்.


பட்டறைப்பையன்:

பெரியவர் சொல்வதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் தாத்தா கத்தியை மட்டும் வைத்துக்கொண்டு ஏற்காட்டு மழையில் ஒரு வாரம் அலைந்தால் பிளேடு காப்பிப்பொடி நிறத்துக்கு வந்துவிடும்.

நாங்கள் ஓமலூர் பக்கம், மூன்று தலைமுறையாக அரிவாள் அடிக்கிற வீடு. நான் டிப்ளமோ மெட்டலர்ஜி படித்துவிட்டு மறுபடி பட்டறைக்கே வந்தவன், அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த டி2, அது இரும்பு ரகத்தின் பெயர். அதில் குரோமியம் சுமார் 12 சதவீதம் இருக்கிறது, கணக்குப்படி பார்த்தால் துருப்பிடிக்காத இரும்பு என்று சொல்ல 10.5 போதும். ஆனால் டி2-வில் கரியும் (கார்பன்) 1.5 சதவீதம் வரை இருக்கிறது. அந்தக் கரி குரோமியத்தில் ஒரு பங்கைப் பிடித்துக் கார்பைடு என்கிற கெட்டித் துகளாகக் கட்டிவைத்துக்கொள்கிறது. துருவைத் தடுக்க வெளியே மிஞ்சும் குரோமியம் குறைவு. அதனால்தான் கூர் ரொம்ப நாள் நிற்கும், ஆனால் பனியில் ஈரத்தோடு மடக்கிவைத்தால் மிளகு தூவினது மாதிரி புள்ளி புள்ளியாக விழும். மழுங்கிவிட்டால் சாதாரணக் கல்லில் தீட்டி உங்களுக்குக் கை ஓய்ந்துவிடும். அட்டைப்பெட்டி நாள் முழுக்க அறுப்பவருக்கு நல்ல இரும்பு, தோட்டத்துக்கு எனக்குப் பிடிக்காது. (பொறித்திருப்பது உண்மையிலேயே டி2-தானா என்பது வேறு கதை.)

விக்டோரிநாக்ஸ் பிளேடு இதற்கு நேர் எதிர். வேண்டுமென்றே கொஞ்சம் மென்மையாக, கெட்டித்தன்மையை அளக்கிற ராக்வெல் கணக்கில் 56 சுமாருக்குத்தான் பதம் போடுகிறார்கள். சீக்கிரம் மழுங்கும், ஆனால் சீக்கிரம் தீட்டலாம். டீ குடிக்கிற பீங்கான் கப்பைக் கவிழ்த்தால் அடியில் மினுமினுப்பு இல்லாத வளையம் இருக்கும், அதில் பத்து இழுப்பு போதும். துருவும் லேசில் பிடிக்காது. 1884-இல் தொடங்கிய கம்பெனி, பெயரின் பின்பாதியே துருப்பிடிக்காத இரும்புக்கு பிரெஞ்சில் உள்ள “இனாக்ஸ்”தான், முன்பாதி நிறுவனரின் அம்மா பெயர்.

ஓபினல் கார்பனில் கரி 0.9 சதவீதம். தீட்டினால் சவரக்கத்தி. ஆனால் மாங்காய்ப் பால், எலுமிச்சை, ஆரஞ்சு எது பட்டாலும் கறுத்துவிடும், முதல் சில நாள் பழத்தில் இரும்பு வாசனையும் வரும். கறுப்பு ஏறட்டும், துடைத்துத் தேய்த்து வெள்ளையாக்கப் பார்க்காதீர்கள், அந்தக் கறுப்பே பிறகு செம்மண் நிறத் துருவை ஓரளவு தடுக்கும்.

தாத்தாவுடையது எங்கள் ஜாதி இரும்பாக இருக்கும் என்று நினைக்கிறேன், லாரி ஸ்பிரிங் பட்டையோ பழைய அரமோ, பழுக்கக் காய்ச்சித் துவைச்சல் போட்டது, அதாவது தோய்த்துக் கெட்டிப்படுத்தியது. சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது: புது அரத்தை எடுத்து விளிம்புக்குப் பக்கத்தில் மெல்ல உரசுங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் பதம் நன்றாக நிற்கிறது, கடித்துப் பிடித்தால் போய்விட்டது. தெருவில் சக்கரத்தோடு வருகிறவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். எல்லோரையும் சொல்லவில்லை, தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பிடிக்கிறவர்களும் உண்டு, ஆனால் பொறி பறக்க அழுத்திப் பிடித்து விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம், பிறகு நீங்கள் எத்தனை தீட்டினாலும் இரண்டு நாள்தான்.

அப்புறம் மாதம் ஒருவராவது பட்டறைக்கு வந்து “நம்ம ஊர் உருக்காலைத் தகடு கிடைக்குது, அதுல ஒரு கத்தி அடிச்சுக் கொடு, துருவே பிடிக்காது” என்று கேட்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டு, டம்ளர் செய்கிற நல்ல எவர்சில்வர் 304 ரகம், 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல், கரி மிகக் குறைவு. அதை எவ்வளவு காய்ச்சி எதில் தோய்த்தாலும் கெட்டிப்படாது. வெண்ணெய் தடவலாம். கத்திக்குக் கரி கூடின வேறு ரகம் வேண்டும்.


நைட்ஷிப்ட்:

சட்டம் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் வக்கீல் இல்லை, ஆனால் ஒரு தடவை சோதனையில் நின்ற அனுபவத்தில் படித்துவைத்தேன். 1959 ஆயுதச் சட்டத்தின் விதிகளில் ஆயுதம் என்ற கணக்கில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடு. வீட்டு வேலைக்கு, விவசாயத்துக்கு, தொழிலுக்கு என்று செய்தவை அதிலும் சேராது. உங்கள் ஓபினல் பிளேடு எட்டரை சென்டிமீட்டர், மூன்றரை அங்குலம் கூட முழுசாக இல்லை. டெல்லியில் மட்டும் பட்டன் கத்திக்கு (பட்டனை அழுத்தினால் திறப்பது) 1980-இல் தனி அறிவிக்கை போட்டிருக்கிறார்கள், 7.62 சென்டிமீட்டரிலிருந்து அங்கே பிரச்சினை.

ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச் அடித்து நிறுத்துகிறவர் அங்குலக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். பார்க்க எப்படி இருக்கிறது என்பதுதான் பேச்சு. கறுப்புப் பிளேடு, ஒரு கையால் சடக்கென்று திறக்கிறது, இடுப்பில் கிளிப் வெளியே தெரிகிறது என்றால் நாலு கேள்வி கூடுதலாக வரும். சிவப்புக் கத்தி, பாட்டில் ஓப்பனர், பல்குச்சி எல்லாம் இருந்தால் சிரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். என்னிடம் அன்றைக்கு இருந்தது சிவப்புதான். “பல்குச்சி கூடவா சார் வச்சிருக்கீங்க” என்று கேட்டுவிட்டு விட்டார்.

கோர்ட், கலெக்டர் ஆபீஸ் போகிற நாளில் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது, பெட்டியில் போட்டு உள்ளே அனுப்பிவிட வேண்டும். நான் சாவிக்கொத்தில் இருந்ததை மறந்துபோய் ஒரு ஏர்போர்ட்டில் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். தப்பு என்னுடையதுதான், ஆனாலும் வயிற்றெரிச்சல்.


காப்பிக்காடு:

பட்டறைப்பையன் அண்ணா, அரம் வைத்துப் பார்த்தேன், வழுக்குகிறது! சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் லாக் பற்றி யாரும் சொல்லவில்லையே. தாத்தாவுடையதில் லாக் கிடையாது, முதுகு ஸ்பிரிங் மட்டும்தான், அதுவும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது.


நாகலூர் அக்கா:

நான் சொல்கிறேன் தம்பி, இடது கை ஆள்காட்டி விரலில் நாலு தையல் போட்டவள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு காப்பிச் செடி வாடி நின்றது, வெள்ளைத் தண்டுத் துளைப்பானாக இருக்குமோ என்று சந்தேகம். தண்டில் வளையம் வளையமாகப் புடைத்திருந்தால் உள்ளே புழு குடைந்திருக்கிறது என்று அர்த்தம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். பட்டையைச் சுரண்டிப் பார்க்கலாம் என்று லாக் இல்லாத கத்தியின் முனையை வைத்து நெம்பினேன். பிளேடு அப்படியே மடங்கி விரல் மேல் விழுந்தது. கத்தி மேல் குற்றமில்லை, குத்தவும் நெம்பவும் செய்த கத்தி இல்லை அது. லாக் இல்லாத கத்தியில் விளிம்பு பக்கமாக அழுத்தி அறுப்பது மட்டும்தான், அப்போது பிளேடு திறந்த பக்கமே போகும், மடங்காது. இந்த ஒன்று கைப்பழக்கத்தில் வந்துவிட்டால் லாக் இல்லாமலே காலம் தள்ளலாம். லாக் இருக்கிறது என்ற தைரியத்தில் நெம்புகிறவர்களுக்கும் கதை இருக்கிறது, லைனர் லாக்கில் மண்ணோ பழத்தோலோ போய் அடைத்தால் அது முழுசாக வந்து உட்காராது, திறந்ததும் ஒரு தடவை கண்ணால் பாருங்கள்.

ஓபினல் ஊறிப்போவது பற்றி: அது பீச் (beech) மரப் பிடி, ஊறத்தான் செய்யும். பல்லால் எல்லாம் இழுக்காதீர்கள்! பிளேடு அடியில் இருக்கிற பூட்டு வளையத்தைத் திறந்த பக்கம் திருப்பிவைத்து, பிடியின் பின்முனையைக் கல் மேல் ஒரு தட்டுத் தட்டுங்கள், பிளேடு முனை தானாக எட்டிப் பார்க்கும். அது செய்கிற பிரான்சு மலை நாடு, சவோய், அங்கே இருப்பவர்களே இப்படித்தான் திறக்கிறார்கள், அவர்களுக்கும் பனியும் மழையும்தானே. காய்ந்த பிறகு பிளேடு போகிற பள்ளத்தில் தேன்மெழுகை உருக்கித் தேய்த்துவிடுங்கள், ரொம்பக் குறையும். என்னுடையதற்கு வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால் செய்கிறேன். நம் மேட்டில் தேனுக்கா பஞ்சம்.

இன்னொன்று, தோட்டத்து வேலைக்கே பாக்கெட் கத்தியை எடுக்காதீர்கள். கவாத்துக்குக் கத்தரியும் ரம்பமும் இருக்கிறது, துளிர்க் கிளையைப் பெண்கள் கையாலேயே ஒடித்துவிடுவார்கள், நிழல் மரம் கழிக்க அரிவாள். பட்டர் ஃப்ரூட் கொட்டையில் கத்தியைக் குத்தித் திருகுகிற வேலையெல்லாம் வேண்டாம், கரண்டி போதும். மிளகு ஓடுகொடி நறுக்குவது மட்டும் நான் சின்னக் கத்தியில் செய்வேன், வெட்டு நசுங்காமல் சுத்தமாக விழ வேண்டும், ஒரு கொடிக்கும் அடுத்த கொடிக்கும் நடுவில் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைப்பேன், வாடல் நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்விடக் கூடாது.

எந்த இரண்டு என்று என்னைக் கேட்டால் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் ஐந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எதை அறுத்தீர்கள், எந்தக் கத்தி கைக்கு வந்தது என்று கடை பில் புத்தகத்தின் பின்பக்கம் கோடு போட்டு வையுங்கள். டிராயர் முன்னால் நின்றால் எல்லாம் வேண்டும் போலத்தான் தோன்றும், எனக்குப் புடவை பீரோ முன்னால் தோன்றுகிற மாதிரி.


கொலுசுக்காரர்:

அம்மணி சொல்வது சரி. எழுதிப் பார்த்தால் வெட்கமாக இருக்கும்.


காப்பிக்காடு:

எட்டு நாள் கழித்து வருகிறேன். பெரியவர் சொன்ன மாதிரியே வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏழு நாளில் மொத்தம் 41 தடவை கத்தி எடுத்திருக்கிறேன். அதில் 19 கடைக்கு வந்த பார்சல் அட்டைப்பெட்டி டேப். 8 பிளாஸ்டிக் பாக்கெட், ஷாம்பூ, பால் கவர், ஸ்குரூ பொட்டலம் இந்த மாதிரி. கயிறு, சாக்குத் தைத்த சணல் 6. பழம் 5, அதில் நாலு கொய்யா. சொட்டுநீர் டியூப் 2. மிளகுக் கொடி 1, அதுவும் அக்கா எழுதினதைப் படித்த ஆசையில் அறுத்தது, தேவையே இல்லை.

பாருங்கள், பெரிய பிளேடு வேண்டிய வேலை ஒன்று கூட இல்லை. பாக்கெட் எட்டையும் கிளாசிக்கின் கத்தரிக்கோல்தான் வெட்டியது, 20 கிராம் சொச்சம்தான் கனம், சாவிக்கொத்தில் இருப்பதே தெரியவில்லை. டேப்பை முதல் நாள் டி2-வில் அறுத்தேன், ஜோராகத்தான் போயிற்று, ஆனால் பிளேடு முழுக்கப் பசை ஒட்டி, அதை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, அதே கத்தியில் கொய்யா அறுக்க மனசு வரவில்லை. இரண்டாம் நாளிலிருந்து கடைப் பையன் கல்லாவில் வைத்திருக்கிற, முனை மழுங்கினால் ஒடித்துப் போடுகிற கட்டரை வாங்கி அறுத்தேன். இத்தனை வருஷமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. அதையும் கத்திக் கணக்கில் சேர்த்தால் என்னிடம் ஆறு.

கயிறு ஆறு தடவையும் என்னை அறியாமல் தாத்தா கத்திக்குத்தான் கை போயிற்று. ஏன் என்று யோசித்தேன், பிடி என் உள்ளங்கைக்கு அப்படி உட்காருகிறது, கொம்பு ஈரத்தில் வழுக்கவும் இல்லை. ஆனால் மூன்றாம் நாளே முதுகில் லேசாகத் துரு, தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவைத்தேன்.

ஸ்பார்ட்டனை ஒரே ஒரு தடவை எடுத்தேன், அதுவும் கத்தியை இல்லை, ஸ்குரூ டிரைவரை. அதனால் 41-இல் சேர்க்கவில்லை. அது பைக் டூல் பெட்டிக்குள் போய்விட்டது, மேலே போய் வண்டி நின்றால் உதவும்.

ஓபினலுக்கு நடந்ததுதான் எதிர்பாராதது. மெழுகு உருக்கித் தேய்த்துச் சமையலறை மேடையில் காயவைத்தேன். ராத்திரி வந்து பார்த்தால் என் மனைவி அதில் வெங்காயம் அறுத்துக்கொண்டிருக்கிறாள், “இது நல்லா இருக்குங்க, இங்கேயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டாள். பிளேடு அதற்குள் நீலமும் கறுப்புமாக மயில் கழுத்து மாதிரி ஆகியிருக்கிறது. கேட்டு வாங்கும் தைரியம் எனக்கு இல்லை.

ஆக கிளாசிக் எப்போதும் சாவியில். மேலே போகிற நாளில் தாத்தா கத்தி. சீனக் கத்தி மட்டும் டிராயரில், யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், சும்மாவே தருகிறேன், துருப்புள்ளி நாலைந்து இருக்கும்.


நைட்ஷிப்ட்:

எனக்கு வேண்டும்! குடோனில் நாள் முழுக்க அட்டைப்பெட்டிதான். ராத்திரி வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டேன், அங்கேயே பெட்டியில் பூட்டிவைத்துவிடுவேன். பசைக்கு மண்ணெண்ணெய் வேண்டாம், ஹேண்ட் சானிடைசர் போதும்.


பட்டறைப்பையன்:

அந்த முதுகு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்றீர்களே, அப்படியே பயன்படுத்தாதீர்கள். பிடியைக் குறுக்கே கோத்திருக்கிற ஆணியின் இரண்டு முனையையும் குண்டுச் சுத்தியலால் லேசாகத் தட்டினாலே பெரும்பாலும் இறுகிவிடும், ஆனால் கொம்புப் பிடி பழசானால் காய்ந்து வெடிக்கும், ஒரு அடி கூடினால் போயிற்று, நீங்களாகத் தட்டிவிடாதீர்கள். எடுத்துவாருங்கள், விளிம்பையும் கல்லிலேயே தீட்டித் தருகிறேன், சக்கரத்தில் வைக்க மாட்டேன். காசெல்லாம் வேண்டாம், எங்கள் தாத்தா அடித்ததா என்று பார்க்கத்தான் ஆசை. அவர் பிளேடின் அடியில், பிடிக்குள் மறைகிற இடத்தில், உளியால் மூன்று சின்னக் கோடு போட்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், அன்றைக்கு அமாவாசை, பட்டறை கிடையாது. திங்கள் காலை வாருங்கள்.